பேச்சியை நான் சுப்பையா ஆக்கிய நாள்

போன வாரம் நேஹா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேஜையும் என் வேலையும் அவளுக்குத்தான் போயின. "ஆன்ட்டி, பெரிய தலைவலி. புது ஃபெலோ ஒருத்தர் மதுரைக்காரர். அவருக்கு சர்நேமே கிடையாதாம். அந்தக் கட்டத்தை நிரப்பாம கம்ப்யூட்டர் மேல போக மாட்டேங்குது. என்ன போடறது?" என்று ஹிந்தியில் புலம்பினாள். அவரையே கேள் என்றேன். "நீங்க தமிழ்தானே, நீங்களே ஏதாவது சொல்லிடுங்களேன்" என்றாள். ஐயோ, வேண்டவே வேண்டாம் என்று நான் போட்ட கூச்சலில், குளித்துக்கொண்டிருந்த என் கணவர் குழாயை நிறுத்திவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு தரம் ஆனது போதும் என்றுதான் கத்தினேன்.

மும்பை செம்பூரில் ஒரு பழைய பங்களாவும் அதன் பின்னால் பின்னாளில் கட்டிய நாலு மாடியுமாக இருக்கிறது எங்கள் அரசியல் ஆய்வு நிறுவனம். மாட்டுங்காவில் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்று, தற்காலிக டைப்பிஸ்டாக நுழைந்தவள் நான். தேர்தல், பஞ்சாயத்து, அரசியல் சட்டம் என்று மற்றவர்கள் எழுதியதைத் தட்டித் தட்டியே நிரந்தரமானேன். அதற்குப் பிறகு இருபது வருஷம் எனக்கு ஒரே வேலைதான் முக்கியம். வருஷா வருஷம் உதவித்தொகையில் ஆராய்ச்சி செய்யப் புதிதாக வரும் பத்து ஃபெலோக்களை வரவேற்று, சேர்த்து, உட்கார வைப்பது.

இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். ஒரு வருஷம் பிகாரிலிருந்து ஒருவர் வந்தார். வாட்ச்மேன் அவரை ஏசி ரிப்பேர்க்காரர் என்று நினைத்து மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டான். அந்த மனிதர் பழுதான மெஷினுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று, இது தேர்வின் கடைசிக் கட்டமாக இருக்குமோ என்று யோசித்தாராம். அன்றிலிருந்து சேரும் நாளில் காலை எட்டரைக்கே நான் கேட்டில் போய் நின்றுவிடுவேன். யார் வந்தாலும், எந்தச் சட்டையில் வந்தாலும், "வெல்கம், வாங்கோ" என்று நானே கூட்டிக்கொண்டு போய் செமினார் அறையில் உட்கார்த்தி சாய் கொடுப்பேன். யாரையும் முகத்தைப் பார்த்து எடை போடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு வைராக்கியம். முகத்தைப் பார்த்து எடை போடவில்லை, வாஸ்தவம். நான் கோட்டை விட்டது வேறு இடத்தில்.

சாய் ஆனதும் அசல் சான்றிதழ்களை நான் சரிபார்ப்பேன். பிறகு ஒவ்வொருவராக ரிஜிஸ்ட்ரார் அறைக்குப் போக வேண்டும். அங்கே இருந்தவர் சாவந்த் சாஹேப். ரத்னாகிரிக்காரர், ஒல்லி, அரைக்கை வெள்ளைச் சட்டை, பச்சை மைப் பேனா. எந்தக் காகிதத்தையும் மனசுக்குள் படிக்க மாட்டார். முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்து வரை வாய்விட்டுப் படிப்பார். முடியாது என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. "பகூயா" என்பார், மராத்தியில் பார்ப்போம் என்று அர்த்தம். அவர் பகூயா என்றால் அந்த விஷயம் முடிந்தது, வேறு வேலையைப் பார்க்கலாம் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

ஆனால் புதிதாக வந்தவர்களிடம் அவர் நடந்துகொள்ளும் விதமே வேறு. எழுந்து நின்று கை கூப்புவார். பெரிய ரிஜிஸ்டரைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்து, "உங்க பேரைச் சொல்லுங்க" என்பார். அவர்கள் சொன்னதை மூன்று தரம் தானும் சொல்லிப் பார்ப்பார். சரியாக வரும்வரை விட மாட்டார். பிறகு, "உங்க எழுத்துல எழுதுங்க" என்பார். அந்த ரிஜிஸ்டரில் வங்காளம், ஒடியா, உருது, மணிப்பூரி எல்லாம் இருக்கும். பகல் ஒரு மணி அடித்ததும் ஸ்கேலை வைத்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் சேர்ந்தவர்கள். யாராவது வராமல் போயிருந்தால், இரண்டு மணிக்குக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் முதல் ஆளைக் கூப்பிடுவார். இருபது வருஷத்தில் அந்தக் கோடு ஒரு நிமிஷம் முன்னே பின்னே விழுந்து நான் பார்த்ததில்லை.

ஆபீஸில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். தென்னாட்டுப் பெயர் எது வந்தாலும், "ராஜி மேடம் டேபிள்" என்று தள்ளிவிடுவார்கள். எனக்கும் அதில் ஒரு கர்வம். தேர்வுக் குழுவின் பட்டியலில் இனிஷியல் தலைகீழாக வரும். அப்பா பெயர் சர்நேம் ஆகி, வைத்த பெயர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும். நான் எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்து, அழகாக டைப் அடித்து, இந்த மராத்திக்காரர்களுக்கு நம் பெயர் எங்கே புரியப்போகிறது என்று அலுத்துக்கொள்வேன்.

ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தபோது வந்த பட்டியலில், எட்டாவதாக 'பேச்சி சுப்பையா' என்று இருந்தது. முகவரி தாராவி. பார்த்த மாத்திரத்தில் எனக்கு உச்சுக் கொட்டத் தோன்றியது. இதோ, வழக்கம்போலத் தலைகீழ். ஆள் சுப்பையா. பேச்சி என்பது பேச்சிமுத்துவோ என்னவோ, அப்பா பெயர். யாரோ பாதியில் வெட்டிவிட்டார்கள். பட்டியலில் அடித்து, 'ஸ்ரீ பி. சுப்பையா' என்று திருத்தினேன். வெப்சைட்டுக்கும் அந்தப் பெயரே போயிற்று. பதிவுத் தபாலும் அந்தப் பெயருக்கே போயிற்று. விண்ணப்பத்தை எடுத்து ஒரு தரம் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், எனக்குத்தான் தமிழ் தெரியுமே!

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். லலிதா, ஜெயா, மீனா, விஜி எல்லாம் தெரியும். பேச்சி என்று ஒரு பெண்ணை நான் ஆயுளில் பார்த்ததில்லை. தாராவிக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பது ரயில் தண்டவாளம்தான். அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய் யாரையும் பெயர் கேட்டதில்லை என்பதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சேரும் நாள் வந்தது. பத்தரை மணிக்குள் ஒன்பது பேர் வந்தாயிற்று. கடைசியாக ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் பெருத்துப்போன ஒரு பிளாஸ்டிக் பை. எங்கள் கடிதத்தை நீட்டினார்.

"சுப்பையாவா?" என்றேன்.

"ஆமாம்மா, நாந்தான் சுப்பையா. நேரமாயிருச்சா?"

"இல்லை இல்லை, வாங்கோ, உள்ள வாங்கோ. உங்களைத்தான் எதிர்பார்த்துண்டிருக்கோம்."

எனக்கு ஆச்சரியம் இல்லாமல் இல்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு ஐம்பது வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர்களும் எங்களிடம் உண்டு. முகத்தைப் பார்த்து எடை போடக் கூடாது என்ற வைராக்கியம் வேறு. செமினார் அறையில் மற்றவர்களோடு உட்கார வைத்தேன். சாய் கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன். அவர் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த கல்கத்தாக்காரப் பெண் மரியாதையாக, "ஆப்கா சப்ஜெக்ட்?" என்று அவருடைய ஆராய்ச்சித் தலைப்பைக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, "தாராவி. சாலீஸ் சால்" என்றார். நாற்பது வருஷமா என்று அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். தன் நோட்டில் அதைக் குறித்துக்கூட வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டே காலுக்கு அவருடைய முறை. என் மேஜைக்கு வந்து பையை அவிழ்த்தார். ரேஷன் கார்டு, லைட் பில், ஓட்டர் கார்டு, அதற்கு முந்தைய ஓட்டர் கார்டு, குடிசைக்கு முன்னால் குடும்பமே நிற்கிற போட்டோ என்று ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"எல்லாம் அசல்தாம்மா. ஒண்ணு விடாமக் கொண்டாந்துட்டேன். எங்க அப்பா காலத்துலேருந்து அதே வீடுதான். நாங்க நடுவுல எங்கனயும் போவல. நீங்க பாத்து எழுதுங்க."

இவர் வந்தது ஆராய்ச்சிக்கு இல்லை. குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டுவதற்காகத் தாராவியில் அப்போது வீடு வீடாகச் சர்வே நடந்துகொண்டிருந்தது. யாருக்குப் புது வீடு உண்டு, யாருக்கு இல்லை என்று ஊரே கதிகலங்கிக் கிடந்த நேரம். 'அசல் ஆவணங்களுடன் நேரில் வர வேண்டும். தவறினால் உரிமை ரத்தாகும்' என்று இங்கிலீஷில் இவர் பெயருக்குக் கடிதம் போனால் இவர் என்னதான் நினைப்பார்? பக்கத்துக் கடைக்காரரைப் படிக்கச் சொன்னாராம். அவர் உரிமை, ரத்து என்ற இரண்டை மட்டும் எடுத்துச் சொல்ல, இவருக்கு மூன்று நாள் தூக்கமில்லை.

அப்படியும் எனக்கு விஷயம் முழுதாக உறைக்கவில்லை. அடுக்கின் அடியில் ஒரு பட்டச் சான்றிதழ் இருந்தது. எம்.ஏ., அரசியல் விஞ்ஞானம், முதல் வகுப்பு. பேச்சி சுப்பையா.

"இது யாருது?" என்றேன்.

"எம் மவ. பேச்சி. எல்லாக் காயிதமும் ஒரே பையிலதான் கெடக்கும், அதான் அதுவும் வந்துருச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ கிட்ட இந்த லெட்டர் சங்கதி சொல்லலம்மா. எங்கயோ படிக்கப் போணும்னு எழுதிப் போட்டிருந்தா. லிஸ்ட்டுல அவ பேரு வரல. ரெண்டு நாளு சோறு திங்கல. இப்பந்தான் ட்யூசன் சொல்லிக்குடுக்கப் போவ ஆரம்பிச்சிருக்கா. மனசு ஒடைஞ்சு கெடக்கறவ கிட்ட வீடும் போவுதுன்னு சொல்லணுமா, சொல்லுங்க."

பேர் வரவில்லையாம். எப்படி வரும்? நான்தானே அடித்துப் போட்டேன். அந்த நிமிஷம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குக் கோடு விழும். இரண்டு மணிக்கு அந்த இடம் நாசிக்கிலிருந்து வந்திருந்த பெண்ணுக்குப் போய்விடும். அவள் காலை ஒன்பதிலிருந்தே வராந்தாவில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். "உங்க பொண்ணு இப்போ எங்க இருக்கா? உடனே இங்க வரணும், இது உங்க வீட்டு விஷயம் இல்லை, அவளுக்கு இங்க இடம் கிடைச்சிருக்கு" என்று படபடத்தேன். அந்த மனிதருக்கு முதலில் வந்த கேள்வி இதுதான்: "அப்ப வீட்டுக்கு ஒண்ணும் இல்லையே?" இல்லை என்றேன். நாற்காலியில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பெண் டிராம்பே பக்கம் சீத்தா கேம்ப்பில் ட்யூஷன் வகுப்பில் இருந்தாள். போன் அணைந்திருந்தது. வகுப்புக்குக் கீழே தையல் பட்டறை வைத்திருக்கும் பாயின் நம்பர் இவரிடம் இருந்தது. "பாய், ஓடிப்போய் எம் மவளச் செம்பூருக்கு ஆட்டோ ஏத்திவிடுங்க. கெடைச்சிருச்சாம்! அவ எழுதிப் போட்டது கெடைச்சிருச்சாம்!" என்று இவர் போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

இப்போது என் அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் சாவந்த் சாஹேபிடம் போகவில்லை. ஒரு மணிக்குள் அவள் வந்துவிட்டால் கடிதத்தின் ஆபீஸ் காப்பியில் வெள்ளை மையைத் தடவிப் பெயரை மாற்றிவிடலாம், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது என்று கணக்குப் போட்டேன். அத்தனை வருஷத்தில் ஒரு மெமோ வாங்காதவள் நான். என் சர்வீஸ் புத்தகம் அவ்வளவு சுத்தம். அதையே நினைத்துக்கொண்டு வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தேன்.

டிராம்பே ரோடில் அன்றைக்குப் பார்த்து ஏதோ லாரி நின்றுவிட்டதாம். ஒரு மணி அடித்தது. உள்ளே ஸ்கேல் மேஜையில் படும் சத்தம் கேட்டது. ஒன்றே காலுக்கு ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தாள் பேச்சி. மெலிந்த உடம்பு, சுண்ணாம்புக்கட்டித் தூள் ஒட்டிய துப்பட்டா. "அப்பா, நிசமாவா? நிசமாவா சொல்லுதீங்க?" என்று அவரைப் பிடித்து உலுக்கினாள். அவர் என்னைக் காட்டினார். நான் அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

சாவந்த் சாஹேப் டப்பாவைத் திறந்து சப்பாத்தியைப் பிட்டுக்கொண்டிருந்தார். "சாஹேப், ஒரு ஃபெலோ கொஞ்சம் லேட்" என்றேன். கோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"பகூயா. அடுத்த வருஷம்."

பேச்சிக்கு அந்த மராத்தி நன்றாகவே புரிந்தது. முகம் சுருங்கிப்போயிற்று. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

சாஹேப் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "லெட்டர் நேரத்துக்குப் போச்சா?"

"போச்சு."

"முகவரி சரியா?"

"சரிதான்."

"பேரு?"

சரி என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். சொல்லியிருந்தால் அவள் லேட், அவ்வளவுதான். தகப்பனும் மகளும் வீடு போகவில்லையே, அதுவே பெரிது என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் சுத்தமான புத்தகத்தோடு பென்ஷன் வாங்கியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் வெளியே கண்ணாடி வழியாக அந்த மனிதர் ரேஷன் கார்டைத் திரும்பப் பைக்குள் அடுக்குவது தெரிந்தது. என்னால் முடியவில்லை.

"பேரு தப்பு, சாஹேப். பட்டியல்ல சரியா இருந்தது. நான்தான் மாத்தினேன்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலை. எனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் குடுங்க."

அவர் மேஜையிலேயே நின்றுகொண்டு எழுதினேன். அவர் வாங்கி, வழக்கம்போல, முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படித்தார். 'சரிபார்க்காமல் என் சொந்த எண்ணத்தின்படி ஃபெலோவின் பெயரை மாற்றிவிட்டேன்' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் படித்தார். கதவு திறந்துதான் இருந்தது. பியூனிலிருந்து கல்கத்தாக்காரப் பெண் வரை எல்லோரும் கேட்டார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

படித்து முடித்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேச்சியைப் பார்த்துச் சொன்னார்: "இந்தம்மாவை யாரும் கூப்பிடவே இல்லை. கூப்பிடாத ஆளு எப்படி லேட்டா வர முடியும்?"

அவர் எழுந்து நின்று கை கூப்பியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா என்று அதுவரை நான் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை. ரிஜிஸ்டரைத் திருப்பி, சிவப்புக் கோட்டுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினார். "பேரைச் சொல்லுங்க."

"பேச்சி."

"பேட்சி."

"பேச்சி, சார்."

மூன்றாவது தரம் வந்துவிட்டது. உங்கள் எழுத்தில் எழுதுங்கள் என்றதும் அவள் திணறினாள். மும்பைப் பள்ளியில் படித்தவள், தமிழ் எழுதிப் பழக்கமில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். கதவோரம் வந்து எட்டிப் பார்த்த அப்பா, "ஏட்டி, நடுவுல ச் விட்டுட்டியே. பேசின்னுல்லா இருக்கு!" என்றார். தப்பு எனக்கும் கண்ணில் பட்டிருந்தது. ஆனால் அன்றைக்கு நான் வாயே திறப்பதாக இல்லை. அவளே இடுக்கில் ஒரு ச போட்டு மேலே புள்ளி வைத்தாள்.

காத்திருந்த நாசிக் பெண்ணை வாசல்வரை கொண்டுபோய் விட்டவர் சாவந்த் சாஹேப்தான். அவர் யாரையும் அப்படி வழியனுப்பி நான் பார்த்ததில்லை. அவள் என் பக்கம் திரும்பவில்லை. நானும் நிமிரவில்லை. என் நிம்மதியில் அந்த ஒரு முள் இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் காலை பேச்சி அடையாள அட்டை வாங்க என் மேஜைக்கு வந்திருந்தபோது, பியூன் எனக்கு ஒரு கவர் கொண்டுவந்தான். மெமோ. என் வாழ்க்கையில் முதல் மெமோ. ஒரே வரிதான். 'இனி எவருடைய பெயரையும் அவரைக் கேட்காமல் தாங்கள் திருத்தக் கூடாது.' கீழே பச்சைக் கையெழுத்து. பெறுநர் என்ற இடத்தைப் பார்த்தேன். ராஜலக்ஷ்மி வைத்தியநாதனாகிய நான் அதில் 'ஸ்ரீமதி ராஜலக்ஷ்மி வைத்யா'. யாரோ என் கணவரைப் பாதியில் வெட்டி, எங்களை மராத்திக் குடும்பம் ஆக்கியிருந்தார்கள்.

பேச்சி தோள் வழியாகப் பார்த்துவிட்டாள். "மேடம், ஒங்க பேரு தப்பா இருக்கே. போய்ச் சொல்லுங்க, மாத்திக் குடுப்பாவல்லா?"

பேனாவை எடுத்தேன், மெமோவைப் படித்தேன், பேனாவை வைத்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்ன ஏது என்று தெரியாமல் அவளும் சிரித்தாள். பிறகு மெமோவின் ஆபீஸ் காப்பியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, ராஜலக்ஷ்மி வைத்யா என்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.